நாற்பது பெட்டிக்குள் ஐம்பத்தேழு

என் சகலைக்குத் தலையில் முடி கிடையாது. இருந்தும் மாதத்துக்கு நான்கு டப்பா தலைமுடியை வெளுக்கவைக்கும் கிரீம் வாங்குவார். கடைக்காரர் ஒரு வருஷம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் பொறுக்கமாட்டாமல், "சார், தப்பா நினைக்காதீங்க. இது இருக்கிற முடிக்குத்தான் வேலை செய்யும், இல்லாத முடிய வரவைக்காது" என்று சொல்லிவிட்டார். சகலைக்குக் கோபம் வரவில்லை. "முடிக்கு இல்லீங்க, கம்ப்யூட்டருக்கு" என்றார். அதன் பிறகு கடைக்காரர் அவரிடம் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

அவர் சொன்னது உண்மைதான். முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீடியோ கேம் பெட்டிகளும், டிவியில் மாட்டி ஓட்டுகிற கீபோர்டு வடிவக் கம்ப்யூட்டர்களும் வயதானால் விளக்காத பல் மாதிரி மஞ்சளித்துப் போகும். அந்த கிரீமைப் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் முழுக்க வைத்தால் பழைய வெள்ளை திரும்பிவிடும். துணி காயப்போட வருகிற பக்கத்து வீட்டுக்காரர்கள், கொடிக்குக் கீழே வரிசையாக வெயில் காயும் அந்தப் பொட்டலங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வயது ஐம்பத்திரண்டு. லிப்ட் பழுதுபார்ப்பது தொழில். ஏதாவது ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்றால் ஓடுவார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டே வேலை செய்வார். அந்த ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரமும் ஆகும். வீட்டிலும் அதே கணக்குத்தான். சாப்பிடக் கூப்பிட்டால் ரெண்டே நிமிஷம். குளிக்கச் சொன்னால் ரெண்டே நிமிஷம். சால்டரிங் புகைக்கு நடுவே, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, செத்துப்போன ஏதோ ஒரு பெட்டியின் வயிற்றுக்குள் தலையைவிட்டிருப்பார். கெப்பாசிட்டர் கசிந்தால் மீன் வாடை வரும். அந்த வாடையை முகர்ந்தே, "இதுல மூணு போயிருக்கு" என்பார். மூன்றுதான் போயிருக்கும். நான் பொறாமைக்காரன். அவர் ஒருமுறையாவது தப்பாகச் சொல்லமாட்டாரா என்று காத்திருந்து அலுத்துவிட்டேன்.

இது அவருக்கு இருபது வயதில் பிடித்த பித்து. அவர் படித்த தொழிற்பயிற்சி நிலையத்தில் பழைய சாமான்களைக் கழித்துப் போட்டபோது, குப்பைத்தொட்டி ஓரத்தில் ரப்பர் பட்டன் வைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கிடந்தது. சட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சால்டரிங் பிடிக்கக் கற்றது அதில்தான். விரலைச் சுட்டுக்கொண்டதும் அதில்தான். ஏழு மாதம் போராடிய பிறகு டிவியின் மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம் மினுக்கியது. "அந்தச் சதுரம் மினுக்கினப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு சகலை" என்று என்னிடம் குறைந்தது முப்பது தடவை சொல்லியிருப்பார். அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர் வைத்த பெயர் மூத்தது. அவர்களுக்குப் பிறந்த ஒரே மகள் அதை "எங்க அக்கா" என்றுதான் சொல்வாள்.

மூத்ததுக்குப் பின்னால் தம்பி தங்கைகள் வந்தன. பின்னறையில் இரும்பு ராக்கை நிறைத்தன. கட்டிலுக்கு அடியில் புகுந்தன. துணி அலமாரியிலும் குடியேறின. ஒருநாள் போர்வை எடுக்க அலமாரியைத் திறந்த அண்ணியின் கால் மேல் மூன்று ஜாய்ஸ்டிக் விழுந்தது. என் மனைவியின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி கத்தவில்லை. நொண்டிக்கொண்டே வந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேஜையில் வைத்தார்.

அன்று வீராவேசத்தில் சகலை எழுதிக்கொடுத்தது இன்றும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. எண்ணிக்கை நாற்பது. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போகும். எது போகும் என்று முடிவு செய்வது அண்ணி. நாற்பத்தொன்றாவதாக ஒன்று இந்த வீட்டில் இருப்பது தெரியவந்தால், அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கடைசி வரியை அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. ஆப்பு அசைத்த குரங்கு மாதிரி அவராகவே சேர்த்துக்கொண்டார். கீழே அவர் கையெழுத்து, அதற்கும் கீழே சாட்சிகளாக நானும் என் மனைவியும்.

அண்ணியைப் பற்றியும் சொல்லவேண்டும். பார்சல் ஆபீசில் கவுன்ட்டர் வேலை, பத்தொன்பது வருஷம். தராசு இருந்தாலும் அவருக்குத் தேவைப்படாது. பெட்டியைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவார்; அப்புறம் சட்டத்துக்காகத் தராசில் வைப்பார். ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் சூட்கேஸைத் தூக்கிப் பார்த்து, "பதினொண்ணு இருநூறு. அந்த ரெண்டாவது செருப்பை எடுத்துடுடி" என்று தங்கையிடம் சொல்வார். ஒருமுறை என்னைத் தூக்காமலே, ஏற இறங்கப் பார்த்து, "தம்பி எண்பத்தாறு" என்றார். அன்றிலிருந்து அவர் எதிரில் நான் இன்னொரு முறை பரிமாறக் கேட்பதில்லை.

அந்த எண்பத்தாறு கிலோவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு சோபாவில் போய் உட்கார்ந்தேன். சோபாவில் ஒரு துண்டு விரித்திருந்தது. துண்டுக்குக் கீழே மூத்தது இருந்தது.

சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூடி ஐந்து துண்டாகப் போயிற்று. சகலை துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே இருந்த சர்க்யூட் போர்டுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, உடைஞ்சது உடைஞ்சதுதான். கணக்குல ஒண்ணு கழிச்சாச்சு" என்றார். சகலை தலையாட்டினார். மறுவாரமே காலியான இடத்துக்கு ஒரு புதுப்பெட்டி வந்துவிட்டது.

ஆனால் மூத்தது எங்கும் போகவில்லை. ராக்கின் நடுத்தட்டில் பெரிய வயிறுள்ள ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் உள்ளே கொஞ்சம் இடம். அண்ணி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அதைத் திறந்து, மூத்ததின் போர்டை உள்ளே பொருத்தி, பின்பக்கம் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் வைத்தார். மேலே தள்ளினால் பெரிய கம்ப்யூட்டர், கீழே தள்ளினால் மூத்தது. டார்ச் பிடித்தவன் நான். சாட்சிக் கையெழுத்துப் போட்ட அதே கையால்தான் பிடித்தேன். உட்கார்ந்து உடைத்தவன் வேறு என்ன செய்யமுடியும்?

வித்தை ஒருமுறை பலித்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? கேம் பெட்டிக்குள் இன்னொரு கேம் பெட்டி, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் என்று வளர்ந்துகொண்டே போயிற்று. நான்கு வருஷத்தில் வெளியே எண்ணினால் நாற்பது, உள்ளே எண்ணினால் ஐம்பத்தேழு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கமுடியாது என்று சொன்னவர் என் சகலையைப் பார்த்ததில்லை.

இதில் ஆபத்தான நாள், புதியது வந்து பழையது போகும் நாள். அண்ணி ஒரு துணியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போவார். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, தூசி தட்டி, திரும்ப வைப்பார். வாசலில் சகலை நகம் கடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் அண்ணி ஒன்றைக் காட்டி, "இது போகட்டும்" என்பார். ஒவ்வொரு முறையும் அது உள்ளே இன்னொன்றை ஒளிக்காத ஒற்றைப் பெட்டியாகவே இருக்கும். பதினொரு தடவை அப்படி. ஒவ்வொரு தடவையும் சகலை என்னை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய், "தப்பிச்சோம் சகலை! நான் மூடின மூடி அப்படி. கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்கமுடியாது" என்று மார்தட்டுவார்.

போன பதினொன்றும் எங்கே போயின என்று கேட்கிறீர்களா? என் வீட்டுக்குத்தான். "அக்கா வீட்டுல கழிச்சதெல்லாம் நம்ம வீட்டுலயா வந்து சேரணும்? பன்னிரண்டாவது வந்தா நீங்களும் அதோட சேர்ந்து கிளம்புங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்பவள்.

பன்னிரண்டாவது சமயம் இந்த வருஷம் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்காரர், லிப்ட்டைச் சரிசெய்து கொடுத்ததற்காகப் பரணில் கிடந்த ஒரு கேம் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். சகலைக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி துணியை எடுத்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு சகலை ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். மூத்தது குடியிருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குள் செங்கல் மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அந்தக் காலத்து இரும்பு. அது எந்நேரமும் உறுமும், சூடாகும். அதற்கு நேர் மேலே மூத்தது. சூட்டில் அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சகலைக்குத் தூக்கம் வரவில்லை. டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி எறிந்துவிட்டு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு புதுக்கால சமாச்சாரத்தை வைத்தார். "சூடே இல்ல சகலை! மூத்தது இப்போ ஜிலுஜிலுன்னு இருக்கும்" என்று என் தோளில் தட்டினார்.

அண்ணி தூசி தட்டிக்கொண்டே வந்தார். நடுத்தட்டில் அந்தப் பெரிய கம்ப்யூட்டரை எடுத்தவர் கொஞ்சம் நின்றார். கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். சகலையின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இது போகட்டும்."

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றார் சகலை. வாயைத் திறந்தால் நாற்பதும் போகும். திறக்காவிட்டால் மூத்தது போகும்.

"இதா? இது... நல்லா ஓடுதேம்மா."

"ஓடுறதைத்தானே அடுத்தவங்களுக்குக் கொடுக்கணும்? ஒரு வாத்தியார் பசங்களுக்குக் காட்டறதுக்குப் பழைய கம்ப்யூட்டர் வேணும்னு கேட்டு எழுதியிருந்தார்னு நீங்கதானே சொன்னீங்க. அவருக்கு அனுப்பிடலாம்."

"ஒரு வாரம் டைம் கொடு. சுத்தம் பண்ணி..."

"இப்போதானே நான் தட்டினேன்?"

பத்தே நிமிஷத்தில் பபிள் சுற்றி, அட்டைப்பெட்டியில் இறக்கி, டேப் ஒட்டி, டேப்பின் குறுக்கே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார். கையெழுத்துக் கலையாமல் அந்த டேப்பைப் பிரிக்கவே முடியாது. அது அவர் தொழில். பெட்டி அந்தச் சனிக்கிழமையே அண்ணியின் ஸ்கூட்டரில் பார்சல் ஆபீசுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை பன்னிரண்டு மணி வேனில் ஊரைவிட்டுக் கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க சகலை என் வீட்டில் உட்கார்ந்திருந்தார். கழித்துவிட்ட பதினொரு பெட்டிகளுக்கு நடுவில், காபியைக்கூடத் தொடாமல், "முப்பத்திரண்டு வருஷம் சகலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு சோபாவில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தால் இத்தனையும் இல்லை. சாயங்காலம் திடீரென்று நிமிர்ந்தார்.

"அவங்க பார்சல் ஆபீஸ் மூணாவது மாடி. பார்சலெல்லாம் எதுல கீழ இறங்குது?"

"லிப்ட்ல."

"அந்த லிப்ட்டைப் பார்த்துக்கிறது யாரு?"

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நல்லவர்கள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து ஓடிவிடவேண்டும். நான் ஓடவில்லை.

திட்டம் சுலபமானது. பதினொன்றரைக்கு ஹெல்பர் பார்சல்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, லிப்ட்டுக்குள் தள்ளி, பட்டனை அழுத்திவிட்டு, தான் படி வழியாக இறங்குவான். தள்ளுவண்டி உள்ளே போனதும் மூன்றாவது மாடித் தூண் மறைவிலிருந்து நான் ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். மேலே மோட்டார் அறையில் சகலை லிப்ட்டைப் பாதியில் நிறுத்துவார். பழுதுபார்க்கிற சாக்கில் உள்ளே இறங்கி, பெட்டியின் அடிப்பக்கத்தை அறுத்து, மூத்ததை எடுத்துக்கொண்டு, திரும்ப ஒட்டிவிடுவார். மேலே உள்ள கையெழுத்து கலையாது. வாத்தியாருக்கும் நஷ்டமில்லை, பெரிய கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவன். அடுத்தவன் தப்புச் செய்யும்போது பிரேக்கை மிதிப்பது என் பிழைப்பு. அன்றைக்குத் தூண் மறைவில் கட்டைவிரலை போன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். தள்ளுவண்டி லிப்ட்டுக்குள் போவது தெரிந்தது. அழுத்திவிட்டேன். அதன் பிறகுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது யார் என்று பார்த்தேன். ஹெல்பர் அன்று லீவு. அண்ணி, வண்டியோடு உள்ளே ஏறி, கம்பிக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். என் வலதுகால் தரையை ஓங்கி மிதித்தது. தரையில் ஏது பிரேக்?

லிப்ட் கொஞ்சம் இறங்கி, டக்கென்று நின்றது. அவசரத்தில் சகலை லிப்ட்டோடு விளக்கையும் சேர்த்து அணைத்திருந்தார்.

நான் இரண்டாவது மாடிக்கு ஓடினேன். கம்பிக்கதவு வழியாகப் பார்த்தால், மேல்பாதியில் லிப்ட்டின் தளம் தெரிந்தது. அதன்மேல் தள்ளுவண்டியின் சக்கரங்கள், பக்கத்தில் அண்ணியின் செருப்பு. அவ்வளவுதான் தெரிந்தது. சகலை மேலிருந்து உற்சாகமாகப் படியிறங்கி வந்தார். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் டேப். நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே கை காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

"யாராவது இருக்கீங்களா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் நடுங்கிய குரல்.

பழக்கதோஷம். சகலையின் வாய் தானாகவே, "பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்" என்றது.

செருப்பு இந்தப் பக்கம் திரும்பியது.

"நீங்களா? உங்களுக்கு இன்னிக்கு இந்தப் பக்கம் டியூட்டி இல்லையே?"

சகலையின் முகம் செத்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் செய்ததை நான் சொல்லியே ஆகவேண்டும். கத்தியையும் டேப்பையும் அங்கேயே போட்டுவிட்டு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு மூன்று மாடிப் படியேறி ஓடினார். லிப்ட்டில் விளக்கு எரிந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "விளக்கு வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சு. வேன் கீழ நிக்குது. அந்த வாத்தியார் பெட்டியும் இதுலதான் இருக்கு. சீக்கிரம் இறக்குங்க."

சகலை கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறக்கினால் பெட்டி வேனுக்குப் போகும். இறக்காமல் எத்தனை நேரம் பெண்டாட்டியை உள்ளே நிறுத்திவைப்பது? என்னைப் பார்த்தார். அப்புறம் செருப்பைப் பார்த்துப் பேசினார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தப் பெட்டியில ஒண்ணு இல்ல. ரெண்டு இருக்கு. மூத்தது அதுக்குள்ளதான் இருக்கு."

கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். எனக்கு அந்த ராக் முழுதும் பழைய இரும்புக்காரனின் வண்டியில் ஏறுவது கண்முன் தெரிந்தது. அப்போது உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. கோபமாக இல்லை. தராசு தப்பாகக் காட்டினால் கேட்பாரே, அந்தக் குரல்.

"ரெண்டு இருந்தா எடை எப்படிங்க குறையும்?"

சகலை கம்பிக்கு இன்னும் நெருங்கிப் போனார்.

"அந்தப் பெட்டி ஆரம்பத்துல நாலு கிலோ. மூத்ததை உள்ள வெச்சப்புறம் நாலரை. நேத்து முன்தினம் தூக்கினா திரும்பவும் பழைய நாலுதான் இருந்துச்சு. சரி, மனுஷன் மூத்ததை வேற எங்கேயோ மாத்திட்டாரு, இது வெறும் பெட்டிதான்னு நினைச்சேன்."

"டிரான்ஸ்ஃபார்மரைக் கழட்டிட்டேன்" என்றார் சகலை ஈனஸ்வரத்தில். "சூடாகுதேன்னு."

"நல்லா கழட்டினீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொரு தடவை. பதினொன்றும் ஒற்றைப் பெட்டி. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. பாலைக் காய்ச்சி எதிரில் வைத்தவரே அண்ணிதான். தூசி தட்டுகிற துணியில் என்றைக்காவது தூசி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன்.

சகலை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"தம்பி உட்கார்ந்து உடைச்சாரே, அதுக்கு அடுத்த வாரத்துலேருந்து. தம்பி, நீங்களும் அங்கதான் இருக்கீங்கன்னு தெரியும். மூச்சு வாங்குற சத்தம் ரெண்டு பேரோடது."

"இருக்கேன் அண்ணி" என்றேன். சாட்சிக்காரன் வேறென்ன சொல்வது?

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேட்கல?" என்றார் சகலை. "தாள்ல எழுதி ஒட்டியிருக்கே."

"கேட்டா, எழுதிக் கொடுத்தபடி செய்யணுமே. மொத்தம் நூத்தி முப்பத்தொன்பது கிலோ. இரும்புக் கடைக்கு யாரு தூக்கிட்டுப் போறது, நீங்களா?"

சகலை சிரித்தார். அழுகையும் வந்தது. எது எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணும் சரியாக இல்லை. அப்புறம் எழுந்து படியேறப் போனார். லிப்ட்டை இறக்கவேண்டுமே.

"ஏங்க" என்று உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டார். சகலை ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார்.

"இனிமே எதையாவது எடை குறைச்சா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குறைங்க. நான் எதைப் பார்த்து விட்டுவைக்கிறது?"